ஐ.என்.ஆர். பார்த்துட்டு வாங்க

இதயத் துடிப்பு தாளம் தப்பியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு வாசல். ஒன்று எமர்ஜென்சி. மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போகிற வாசல். அங்கே எல்லோரும் ஓடி வருவார்கள். இன்னொன்று ஓ.பி. விடிகாலை பஸ் பிடித்து, நோட்டும் கையுமாகப் போய் உட்கார்ந்து, பேர் கூப்பிடுகிற வரைக்கும் காத்திருக்கிற வாசல். அம்மாவோடு இரண்டிலும் போய் வருகிறேன். அம்மா இன்றைக்கும் எழுந்து நடமாடி, தன் கையால் சோறு வடிக்கிறார் என்றால் அதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வாசலுடையது. ஆனால் பணம், ஆள், கவனம் எல்லாம் முதல் வாசலுக்கே போகிறது. அது மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறை தாளம் தப்பி நடுங்குகிற நோய். டாக்டர்கள் ஏ.எஃப். என்பார்கள். வயதானவர்களுக்கு பிபி, சுகர் என்று ஏதாவது ஒன்றை ஒட்டி இது வருவது உண்டு. அம்மாவுக்கு வந்த வழி வேறு. பத்து வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும். சில வாரம் கழித்து ஒரு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் அடுத்த முழங்கால், பிறகு கணுக்கால். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று பாட்டி எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறார். அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்தபோது அதை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டையும் இதய வால்வையும் தாக்குகிற நோய். மூட்டு முழுசாக ஆறிவிடும். வால்வு ஆறாது. சத்தமே இல்லாமல் வருஷக்கணக்கில் தடித்து இறுகிக்கொண்டே போகும்.

இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற மைட்ரல் வால்வு, நல்ல நிலையில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். 1.5-க்கு வந்துவிட்டால் கடுமையான சுருக்கம். என்னைச் சுமந்திருந்தபோது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று போனவரை, எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவுக்கு இதய நோய் என்று முதல்முறையாகச் சொன்னார்கள். நம் ஊரில் நிறையப் பெண்களுக்கு இப்படிப் பிரசவக் காலத்தில்தான் தெரியவருகிறது. ரத்தத்தின் அளவு கூடும் அந்த மாதங்களில் சுருங்கின வால்வால் ஈடுகொடுக்க முடியாது. பிறகு பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். ஜப்பானிய அறுவை மருத்துவர் கஞ்சி இனோவே 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை அது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனை இதயத்துக்குள் கொண்டுபோய், நெஞ்சைப் பிளக்காமலே ஒட்டின வால்வைப் பிரித்துவிடுகிறார்கள். அம்மாவுக்குப் பல வருஷம் அது கைகொடுத்தது.

ஆனால் அதற்குள் மேலறை அழுத்தம் தாங்கித் தாங்கிப் பெரிதாகி, சுவர் தழும்பேறிப்போயிருந்தது. தழும்பேறின தசையில் மின்சாரம் ஒழுங்காகப் பாயாது. நல்ல இதயத்தில், துடிப்பைத் தொடங்கிவைக்கிற சைனஸ் கணு ஓர் உத்தரவு போடும். மேலறை சுருங்கும், பின்னாலேயே கீழறை சுருங்கும். ஏ.எஃப். வந்துவிட்டால் மேலறையில் நிமிஷத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள் கன்னாபின்னாவென்று கிளம்பும். அந்த வேகத்தில் மேலறை சுருங்க முடியாது, நடுங்கிக்கொண்டிருக்கும். அத்தனையும் அப்படியே கீழே இறங்கினால் ஆள் பிழைக்க மாட்டார். நடுவில் இருக்கிற ஏ.வி. கணு பெரும்பாலானதைத் தடுத்துவிட்டு, சிலதை மட்டும், அதுவும் ஒழுங்கில்லாமல், கீழே அனுப்பும்.

ஐம்பது தாண்டின பிறகு ஒருநாள் ராத்திரி அம்மாவுக்கு அது வந்தது. 108-ஐக் கூப்பிட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் இரண்டு பேர். ஒரு பெண் அம்மாவின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தார். ஒரு பையன் மணிக்கட்டைப் பிடித்தான். இருவரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க வாய்க்குள் எண்ணினார்கள். “நெஞ்சுல 146.” “எனக்கு 112தான் வருது.” யாரோ தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டும் சரி. கீழறை நிரம்புவதற்குள் அவசரமாக அடிக்கிற அடியில் கை வரைக்கும் போகிற அளவுக்கு ரத்தம் வெளியேறாது; நெஞ்சில் சத்தம் கேட்கும், மணிக்கட்டில் நாடி தட்டாது. அந்த வித்தியாசமே ஒரு நோய்க்குறி. வீட்டில் பிபி மெஷின் வைத்திருக்கிற ஏ.எஃப். நோயாளிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒரு தடவை பார்த்த நம்பரை நம்ப வேண்டாம். கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை பாருங்கள்.

ஊசி, ஆக்சிஜன், லேசிக்ஸ், டிகாக்சின். விடியும்போது மூச்சு சீரானது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்டேன், “ஷாக் குடுத்துத் துடிப்ப நேராக்க முடியாதுங்களா?”

“குடுக்கலாம்மா. ஆனா மேலறையில ரத்தக்கட்டி இருந்து, துடிப்பு திடீர்னு நேராச்சுன்னா, கட்டி பிச்சுக்கிட்டு மூளைக்குப் போயிரும். அதனால மூணு வாரம் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை போட்டுட்டுத்தான் குடுக்கணும். இல்லேன்னா தொண்டை வழியா டியூப் விட்டு எக்கோ எடுத்து, கட்டி இல்லேன்னு உறுதி பண்ணிக்கணும். அப்படியே குடுத்தாலும் அம்மாவுக்கு மேலறை ரொம்பப் பெருசாயிருச்சு, தாளம் நிக்காது. வேகத்தக் கட்டுல வெச்சுக்குவோம். கட்டி வராமப் பாத்துக்குவோம். அவ்வளவுதான் வைத்தியம்.”

வேகத்தைக் கட்டில் வைப்பது, கட்டி வராமல் பார்ப்பது. இரண்டுமே ஓ.பி. வேலைதான்.

அதற்குப் போகும் முன்னால் பக்கத்துப் படுக்கையில் இருந்த கல்லூரிப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநோயாளிப் பிரிவு கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவள்தான் சாட்சி. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் சுவிட்சை அணைத்ததுபோல் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். ஈசிஜி நார்மல் என்று வரும். “பயத்துல வருதுன்னாங்க. கல்யாணப் பேச்சு எடுத்ததுல இருந்து இப்படி நடிக்கிறான்னு எங்க வீட்லயே சொன்னாங்க” என்று அவள் அம்மா என்னிடம் சொல்லி அழுதார். சாதாரண ஈசிஜி பிடிப்பது சுமார் 10 விநாடித் துடிப்பைத்தான். அந்த 10 விநாடியில் நோய் இல்லை என்றால், நோயே இல்லை என்று ஆகாது. அன்றைக்கு அவள் அதிர்ஷ்டம், துடிப்பு நிற்கவில்லை. 200-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாளில் பிடித்துவிட்டார்கள். எஸ்.வி.டி. என்றார்கள். ஏ.எஃப். மாதிரி கலைந்த துடிப்பு இல்லை; மின்சாரம் ஒரு குறுக்குவழியில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது.

முதலில் ஒரு சிரிஞ்சைக் கொடுத்து 15 விநாடி ஊதச் சொன்னார்கள். ஊதி முடித்த நொடியில் அவளைத் தட்டையாகப் படுக்க வைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். மருந்தே இல்லாத வைத்தியம். 2015-இல் இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வில், சும்மா ஊத வைத்தபோது 17 சதவீதம் பேருக்குத்தான் துடிப்பு சரியானது. காலைத் தூக்கிப் பிடிப்பதையும் சேர்த்தபோது 43 சதவீதம் பேருக்குச் சரியானது. அவளுக்கு அது கேட்கவில்லை. அடுத்து அடினோசின். “ஒரு பத்து செகண்டு உசுரே போற மாதிரி இருக்கும் பாப்பா, பயப்படாத, நாங்க இங்கதான் இருக்கோம்” என்று சிஸ்டர் முன்கூட்டியே சொன்னார். மருந்து, உடனே சலைன், கையைத் தூக்கிப் பிடித்தார்கள். மானிட்டரில் கோடு படுத்துவிட்டது. அவள் அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. சில விநாடி. பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, சீராக 90. அந்தக் குறுக்குவழியை ரேடியோ அலைச் சூட்டால் சுட்டு மூடிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு நிரந்தரமாகக் குணமாகிவிடுகிறது. அவளுக்கும் பிறகு அது நடந்தது. படபடப்பு என்று வருகிற பெண்ணை, அதிலும் சின்ன வயசுப் பெண்ணை, மனசு சரியில்லை என்று திருப்பி அனுப்பும் முன் ஹோல்டர், அதாவது நாள் முழுக்க உடம்பிலேயே இருந்து ஈசிஜி பிடிக்கிற கருவி, மாட்டிப் பார்க்க வேண்டும். எப்போதாவது வருகிறது என்றால், வரும்போதே பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிப்போய் ஈசிஜி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு கையில் இருந்தால் காத்திருக்க வைக்க மாட்டார்கள்.

இனி கட்டி. மேலறை நடுங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் ரத்தம் அதன் மூலையில் இருக்கிற சின்னப் பையில் தேங்கும். “தேங்குன தண்ணியில பாசி புடிக்கிற மாதிரி, தேங்குன ரத்தத்துல கட்டி புடிக்கும்” என்று அம்மாவுக்கு விளக்கினார் டாக்டர். அது கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊர் மக்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து 1978-இல் வெளியிட்ட கணக்கு இது: ஏ.எஃப். இருந்தாலே பக்கவாத அபாயம் 5 மடங்குக்கு மேல். ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்தால் 17 மடங்குக்கு மேல்.

அதைத் தடுக்கத்தான் மாத்திரை. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவர் அந்தத் தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதித்தார்கள். நம் ஊரில் அதிகம் எழுதுவது அதன் சொந்தக்கார மருந்தான அசிட்ரோம். கல்லீரலில் வைட்டமின் கே செய்கிற வேலையைத் தடுத்து, ரத்தம் உறைவதை மெதுவாக்குகிறது. குறைந்தால் பக்கவாதம், கூடினால் ரத்தக்கசிவு. எவ்வளவு போதும் என்பதற்கு ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. அந்தக் கணக்கைச் சொல்வதுதான் ஐ.என்.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை; ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும். மாத்திரை போடாதவர்களுக்குச் சுமார் 1 இருக்கும். அம்மாவுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

ஹார்ட் ஓ.பி. எங்களுக்கு வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள்தான். ரத்தம் எடுக்கிற இடத்தில் நீல மூடி போட்ட டியூப். அடியில் கொஞ்சம் சிட்ரேட் திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் என்பது கணக்கு. அதற்காக டியூபில் ஒரு கோடு போட்டிருக்கும். ரத்தம் கோட்டுக்குக் கீழே நின்றால் ரிசல்ட் பொய்யாகக் கூடிக் காட்டும். மாத்திரையைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவார்கள். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. இன்றைக்கு அந்தக் கோட்டில் கண்ணை வைத்துக்கொண்டு, “கோடு வரைக்கும் எடுத்துருங்க சிஸ்டர்” என்று சொல்கிறார். அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தது வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். அவருக்குச் சித்ரா வால்வு பொருத்தியிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய செயற்கை வால்வு. இந்த மாதிரி இயந்திர வால்வு வைத்த எல்லோரும் ஆயுசுக்கும் இந்த மாத்திரையும் இந்த ரத்தப் பரிசோதனையும்தான். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், ஆடு மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், ரிசல்ட் வரும்போது மணி ஒன்றரை. ஓ.பி. பன்னிரண்டுக்கே முடிந்திருக்கும். “டாக்டர் எந்திரிச்சுப் போயிட்டாரு, நாளைக்கு வாங்க.” நாளைக்கு வந்தால், “இன்னைக்கு வேற யூனிட், உங்க ஓ.பி. அடுத்த வாரம்.” கையில் ரிசல்ட் இருக்கிறது, அதைப் பார்த்து டோஸ் சொல்ல ஆள் இல்லை. ஒரு வாரம் கழித்துக் காட்டுகிற ஐ.என்.ஆர். பழைய கதை. அதை வைத்து இன்றைய டோஸை எழுதினால் அது வைத்தியமே இல்லை. டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு காலைக்குள் அத்தனை பேரைப் பார்க்கிறார்கள். ரத்தம் எடுக்கிற நேரத்தையும் டாக்டர் இருக்கிற நேரத்தையும் ஒன்றோடொன்று பொருத்த யாரும் மெனக்கெடவில்லை என்பதுதான் ஆற்றாமை. தனியார் லேபில் முந்தின நாளே 300 ரூபாய் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். 300 ரூபாய் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அந்த பெஞ்சிலேயே பார்த்தேன். பழைய டோஸையே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டோஸும் லேசில் ஞாபகம் வைக்க முடியாது. ஒருநாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3. அம்மா தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் மாதம் முழுதுக்கும் பேனாவால் 2, 3, 2, 3 என்று எழுதி வைத்துவிடுவார். ராத்திரி மாத்திரையைப் போட்ட பிறகுதான் தாளைக் கிழிப்பார். தாள் கிழியாமல் இருந்தால் மாத்திரை போடவில்லை என்று அர்த்தம். எந்த ஆஸ்பத்திரியும் சொல்லிக்கொடுக்காத ஏற்பாடு. இதைவிட நல்லதை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

ஒரு தடவை வயிற்றுப்போக்கு. அப்பா தெருமுனை மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கி வந்தார். அதில் மெட்ரோனிடசோல் இருந்தது. நான்கைந்து நாளில் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம். முழங்கையில் அடிபடாமலே ஊதா நிறத்தில் திட்டு. ஐ.என்.ஆர். 7-ஐத் தாண்டியிருந்தது. மெட்ரோனிடசோல் இந்த மருந்தை உடம்பு கழிக்கவிடாமல் தடுத்து, அதன் வீரியத்தை வெகுவாக ஏற்றிவிடும். வைட்டமின் கே கொடுத்து, அசிட்ரோமை நிறுத்தி வைத்து, அட்மிஷனில் வைத்துப் பார்த்தார்கள். மூளையில் கசியவில்லை, பிழைத்தார். கோட்ரைமாக்சசோல், ஃபுளூகோனசோல் போன்றவையும் இதே ஆபத்துதான். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக்கசிவைக் கொண்டுவரும். அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் உள்ளவர்கள், சளிக்கோ வயிற்றுக்கோ மருந்து வாங்கும்போது முதல் வார்த்தையாக, “ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை சாப்பிடுறாங்க” என்று சொல்லுங்கள். பல் பிடுங்குவது, ஊசி போடுவது எதுவானாலும் இதேதான்.

கீரை விஷயத்தில் நம் ஓ.பி.க்களில் சொல்கிற அறிவுரை எனக்கு வருத்தமாக இருக்கிறது. “கீரையே தொடாதீங்க” என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள். கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பது உண்மை. திடீரென்று ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கிவிடும். அடுத்த வாரம் முழுக்க நிறுத்தினால் ஏறிவிடும். கெடுப்பது கீரை இல்லை, இந்த ஏற்றஇறக்கம். வாரத்துக்கு இத்தனை நாள், இவ்வளவு என்று ஒரே அளவாகச் சாப்பிட்டால், அதற்குத் தகுந்த டோஸை டாக்டர் வைத்துவிடுவார். இரும்புச்சத்துக்கு வேறு வழியில்லாத பெண்களிடமிருந்து கீரையையும் பிடுங்கிக்கொள்வது நியாயமில்லை.

“இப்போ ரத்தமே எடுக்க வேண்டாத புது மாத்திரை வந்துருச்சே, அதுக்கு மாறக் கூடாதா?” என்று வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ரிவராக்சபான், அபிக்சபான் வகையறா. வால்வு நோய் இல்லாத ஏ.எஃப்.க்கு அவை நல்ல மருந்துகள். அந்த நோயாளிகள் பலருக்கு இந்த வரிசையே தேவையில்லாமல் போய்விட்டது. அம்மா மாதிரி ருமாட்டிக் நோயாளிகளுக்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. இன்விக்டஸ் என்று பேர். தில்லி எய்ம்ஸைச் சேர்ந்த டாக்டர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்தினார். 2022-இல் முடிவு வந்தது. புது மருந்து ஜெயிக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் இறப்பு குறைவாக இருந்தது, ரத்தக்கசிவும் கூடவில்லை. இயந்திர வால்வு வைத்தவர்களுக்கும் புது மாத்திரைகள் ஆகாது.

இதன் அர்த்தம் என்ன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ருமாட்டிக் நோய் நெரிசலான வீட்டில், நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காத குழந்தைகளுக்கு வருகிற நோய். ஏழைகளின் நோய். அவர்களுக்கு ஐ.என்.ஆர். வரிசையைவிட்டு வெளியேற வழியே இல்லை. அப்படியென்றால் அந்த வரிசையைத்தான் சரிசெய்தாக வேண்டும். பிபி, சுகர் மாத்திரை 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. நெஞ்சுவலிக்கு முதல் டோஸ் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஓரிரு நிமிஷத்தில் ஐ.என்.ஆர். சொல்கிற கையடக்க மெஷின், சுகர் மெஷின் மாதிரியே இருக்கிறது. ஸ்டிரிப் விலைதான் அதிகம். வட்டாரத்துக்கு ஒரு சுகாதார நிலையத்தில் அது இருந்தால், ஒரு பஸ்ஸில் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். அரசு மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். நம் மாநிலத்துக்கு மருந்தை மொத்தமாக வாங்கத் தெரியாதா என்ன? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதற்காகத்தானே இருக்கிறது.

மெஷின் வரும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டியதில்லை என்பதை எங்கள் ஓ.பி.யிலேயே பார்த்துவிட்டோம். அங்கே ஒரு ஸ்டாஃப் நர்ஸ், யாரும் சொல்லாமலே, ஒரு நீளமான நோட்டில் ஒவ்வொருவரின் பேர், வால்வு, இப்போதைய டோஸ், போன் நம்பர் எழுத ஆரம்பித்தார். ரிசல்ட் வந்ததும் மத்தியானம் வார்டில் இருக்கிற டாக்டரிடம் நோட்டைக் கொண்டுபோய் டோஸ் எழுதி வாங்கிக்கொள்வார். சாயங்காலம் நாலு மணிக்குமேல் போன் வரும். “அம்மா, உங்களுக்கு இன்னைக்கு 2.4 இருக்கு. அதே மாத்திரைதான். அடுத்த மாசம் வாங்க.” மாத்த வேண்டியவர்களுக்கு மாற்றம் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். மறுநாள் பஸ் ஏறுவது நின்றது. பழைய டோஸையே போட்டுக்கொண்டிருந்தவர்கள் சரியான டோஸுக்கு வந்தார்கள். அம்மாவின் நோட்டில் அதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு புள்ளி சொச்சம்தான்.

அவர் கூப்பிடுவது சொந்த போனில், சொந்த நேரத்தில். அப்படி ஒரு வேலை யாருடைய பொறுப்பிலும் எழுதப்படவில்லை. அடுத்த கலந்தாய்வில் அவருக்கு மாறுதல் வரலாம் என்கிறார்கள். சொந்த ஊருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அவர் போகத்தான் வேண்டும், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஐ.என்.ஆர். நோயாளிகளுக்கென்று ஒரு நர்ஸ் பணியிடமும் ஓர் அலுவலக போனும் கேட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, கண்காணிப்பாளரிடமும் கலெக்டர் அலுவலகத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊர் ஹார்ட் ஓ.பி.யிலும் இதே நிலைமை என்றால், நீங்களும் கேளுங்கள். மனுவில் என்ன எழுதினோம் என்று கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.